பெட்டிக்குள் அடங்கும் சைக்கிள்

விமானத்தில் சாமான் ஏற்றியவர்களுக்கு 62 அங்குலக் கணக்கு தெரிந்திருக்கும். பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 62 அங்குலத்துக்குள், அதாவது 158 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். எடை பெரும்பாலும் 23 கிலோவுக்குள். மிஞ்சினால் பல நிறுவனங்கள் கூடுதல் கட்டணம் கேட்கும். வெளிநாட்டுச் சாலைகளைச் சொந்த சைக்கிளில் சுற்ற விரும்புபவர் முதலில் இந்தக் கணக்கைத்தான் தீர்க்க வேண்டும்.

லண்டனில் ஆண்ட்ரூ ரிச்சி 1970-களின் நடுவில் வடிவமைத்த பிராம்ப்டன் பெயர்பெற்ற விடை. மடித்தால் ஏறத்தாழ 58, 57, 27 செ.மீ.; கூட்டினால் 142 தான். பழகிய கை அரை நிமிடத்துக்குள் மடித்துவிடும். ரயிலும் பேருந்தும் மாறிச் செல்பவருக்கு இதைவிடச் சிறந்தது இல்லை என்பேன்.

"இவ்வளவு சிறிய சக்கரமா? மிதித்து மிதித்துக் கால் ஓய்ந்துவிடாதா?" என்று நீங்கள் கேட்கலாம். பலரும் கேட்கும் கேள்வி இது. ஆனால் தவறான பயம். பிராம்ப்டன் சக்கரத்தின் சுற்றளவு சுமார் 1.33 மீட்டர். மூன்று கியர் மாதிரியில் முன் பல்சக்கரத்துக்கு 50 பற்கள், பின்னதற்கு 13. நடுக் கியரில் ஒரு முழு மிதிக்குப் பின்சக்கரம் 3.85 சுற்று சுற்றும், வண்டி 5.1 மீட்டர் நகரும். பெரிய சைக்கிளுக்கு இது குறைந்ததல்ல. சக்கரம் சிறுத்ததைப் பற்கள் ஈடுசெய்துவிடுகின்றன.

உண்மையான குறை பள்ளத்தில் தெரியும். 20 செ.மீ. அகலக் குழி ஒன்றைக் கடப்பதாக வைத்துக்கொள்வோம். 34 செ.மீ. ஆரமுள்ள பெரிய சக்கரம் அதில் 1.5 செ.மீ. இறங்கும். 21 செ.மீ. ஆரமுள்ள பிராம்ப்டன் சக்கரமோ 2.5 செ.மீ. இறங்கும். பித்தகோரஸ் தேற்றம் தெரிந்த மாணவர் தாளில் போட்டுப் பார்க்கலாம். அலெக்ஸ் மௌல்டன் 1962-இல் சிறுசக்கர சைக்கிளைக் கொண்டுவந்தபோது அதில் ரப்பர் அதிர்வுதாங்கிகளையும் வைத்தது காரணத்தோடுதான். மேலும், மூன்றே கியரில் மூட்டையோடு மலை ஏறுவது முழங்காலுக்குச் செய்யும் துரோகம்!

அமெரிக்காவில் யூஜீன் நகரின் பைக் ஃபிரைடே இரண்டாவது விடை. 20 அங்குலச் சக்கரம், மலைக்கேற்ற கியர்கள். சைக்கிளை அடைத்து வந்த பெட்டியே, சிறு சக்கரங்கள் பூட்டியதும், பின்னால் இழுத்துச் செல்லும் வண்டியாகிவிடும். ஊர் போய் இறங்கியதும் காலிப் பெட்டியை எங்கே வைப்பது என்பதையும் யோசித்தவர்கள் இவர்கள். இந்த ஒன்றுக்காகவே பாராட்டலாம்.

மூன்றாவது, முழு அளவுச் சக்கரமுள்ள சைக்கிளின் சட்டத்தையே இரண்டாகப் பிரிப்பது. எஸ் அண்ட் எஸ் இணைப்பிகள் பல்லோடு பல் கோத்து, மரையால் இறுகும். பூட்டிய பிறகு சாதாரண சைக்கிளுக்கும் இதற்கும் ஓட்டத்தில் வேற்றுமை தெரியாது. பெட்டி 26, 26, 10 அங்குலம். கூட்டினால் சரியாக 62. ஆனால் காற்றடைத்த சக்கரத்தின் விட்டமே 26 அங்குலத்தை மிஞ்சும். டயரில் காற்றை இறக்கி, அழுத்தித் திணிக்க வேண்டும். விமான நிலைய வாசலில் களைப்போடு உட்கார்ந்து பூட்டும் வேலையும் இருக்கிறது. தனி ஸ்பேனர் தொலைந்தால் சங்கடம்.

எனக்கு விளம்பரங்களின் மீது ஒரு மனக்குறை உண்டு. எத்தனை நொடியில் மடியும் என்று பெரிய எழுத்தில் போடுபவர்கள், டயர் எங்கே கிடைக்கும் என்று சொல்வதில்லை. பிராம்ப்டனின் "16 அங்குல" ரிம் 349 மி.மீ.; குழந்தைகள் சைக்கிளின் "16 அங்குல" ரிம் 305 மி.மீ. பெயர் ஒன்று, டயர் வேறு. 20 அங்குலத்திலும் 406, 451 என இரண்டு உண்டு. இதில் 406 சிறுவர்களின் பி.எம்.எக்ஸ். வண்டிகளுக்கும் உரியது; ஆகவே சிற்றூர்க் கடையிலும் கிடைக்க வாய்ப்புண்டு.

நீண்ட பயணத்துக்கு நான் தேர்வதானால் 406 ரிம் உள்ள பைக் ஃபிரைடேயைத்தான் எடுப்பேன். கரடுமுரடான மண்பாதையே கதி என்றால் பிரிக்கும் சைக்கிள். எதை வாங்கினாலும், டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அந்த மூன்று இலக்க எண்ணைக் குறித்துக்கொண்டு, உதிரி டியூப் இரண்டைப் பெட்டியிலேயே போட்டுக்கொள்ளுங்கள்.