கேட்பவரை மறந்த ஆய்வு

நகரத்துப் பறவைகள் இரைச்சலுக்கு ஈடுகொடுக்கக் கற்றுக்கொண்டன என்ற செய்திக்கு அறிவியல் பத்திகளில் இப்போது நல்ல கிராக்கி. ஊரடங்குக் காலத்தில் வலுத்த மோகம் இது. 2020 வசந்தத்தில் சான்பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் வாகனங்கள் ஓய்ந்தன. நகரின் இரைச்சல் 1950களின் நடுப்பகுதியில் இருந்த அளவுக்கு இறங்கியது. அங்குள்ள வெண்முடிச் சிட்டுகள் தணிந்த குரலில், இன்னும் விரிந்த அலைவெண் வீச்சில் பாடின என்று எலிசபெத் டெரிபெரி குழுவினர் ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார்கள். நல்ல கட்டுரை. அதை வைத்துப் பிறர் சொன்ன நீதிதான் கோளாறு: சத்தம் கூடினால் பறவை குரலை மாற்றும், குறைந்தால் திருத்திக்கொள்ளும், உயிர்கள் சமாளித்துக்கொள்ளும், ஆகவே பெரிதாகக் கவலைப்பட ஏதுமில்லை.

இந்த ஆறுதலுக்குப் பத்திரிகையாளர்களின் அவசரத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. இத்துறையின் வேலைமுறையே அதற்கு வழிவிட்டிருக்கிறது. குரல் எழுப்பும் விலங்கைத் துறை ஓயாமல் அளக்கிறது; அந்தக் குரலைக் கேட்டு ஏதாவது செய்ய வேண்டிய விலங்கை அளப்பது அபூர்வம். தனித்து வாழும் உயிருக்கு இது ஓரளவு போதுமானதாக இருக்கலாம். கூடி வாழும் உயிரைப் பற்றி ஆராய்வதாகச் சொல்லிக்கொண்டு இதைச் செய்யும்போது, ஆய்வுப் பொருளில் பாதி வெளியே நிற்கிறது.

இத்துறையின் சாதனைகளை மறுப்பதற்கில்லை. லைடன் நகரத்துப் பெரிய பட்டாணிக்குருவிகள் இரைச்சல் மிகுந்த இடங்களில் தங்கள் பாட்டின் கீழ்ச்சுருதியை உயர்த்திப் பாடுகின்றன என்று ஸ்லாபகூர்னும் பீட்டும் 2003இல் காட்டியது துறைக்கே ஒரு தொடக்கம். அடுத்த ஆண்டு பெர்லினின் நைட்டிங்கேல்கள் சத்தமான இடங்களில் உரக்கப் பாடுவதை ஹென்ரிக் புரூம் அளந்தார். சுற்றுப்புறச் சத்தம் ஒரு டெசிபல் ஏறினால் ஓர்கா திமிங்கிலங்களின் அழைப்பும் ஏறத்தாழ ஒரு டெசிபல் ஏறுகிறது என்பது 2009இல் தெரிந்தது. இந்தப் பதிவுகளை யாரும் ஒலி நிறமாலையில் இட்டுச் சரிபார்க்கலாம். இனத்துக்கு இனம் ஒப்பிடலாம். சாலையே இல்லாத ஐடஹோ மலைச்சரிவில் அரை கிலோமீட்டருக்கு ஒலிபெருக்கிகளைக் கட்டி வாகனச் சத்தத்தை மட்டும் ஒலிபரப்பிய ‘மாயச் சாலை’ சோதனையில் பறவைகளின் எண்ணிக்கை கால்பங்குக்கு மேல் குறைந்தது. பறவையை விரட்டுவது புகையா, சக்கரமா, சத்தமா என்ற வாதம் அதோடு தீர்ந்தது. இவையெல்லாம் உறுதியான வேலைகள்.

ஆனால், குரல் மாறியது என்று காட்டியதும் கேள்வி முடிந்ததாக எடுத்துக்கொள்வதை என்னால் ஏற்க முடிந்ததே இல்லை. ஃபுளோரிடாவின் டால்பின் ஆய்வு மையத்தில் டெல்டா, ரீஸ் என்ற இரண்டு டால்பின்களைக் கொண்டு செய்து 2023இல் வெளியான சோதனையைப் பாருங்கள். தண்ணீருக்கடியில் ஆளுக்கொரு பொத்தான். இரண்டும் ஒரு நொடி இடைவெளிக்குள் அழுத்தியாக வேண்டும். இரைச்சலைக் கூட்டக் கூட்ட அவை சீழ்க்கையை உரக்க எழுப்பின, நீட்டின, ஒன்றையொன்று பார்க்கத் திரும்பின. கையிலிருந்த உபாயம் எல்லாவற்றையும் முயன்றன. அப்படியும் வெற்றி விகிதம் 85 விழுக்காட்டிலிருந்து 62.5 விழுக்காட்டுக்குச் சரிந்தது.

இதே சோதனையில் பொத்தான்களை எடுத்துவிட்டு ஒலிவாங்கியை மட்டும் வைத்திருந்தால் என்ன எழுதியிருப்பார்கள்? டால்பின்கள் குரலை உயர்த்தி இரைச்சலுக்கு ஈடுகொடுத்தன என்று. அளந்தது அத்தனையும் உண்மையாக இருந்திருக்கும். முடிவு தலைகீழாக இருந்திருக்கும். மனிதர் பராமரிப்பில் வளர்ந்த இரண்டே விலங்குகளை வைத்து இவ்வளவு பேசலாமா என்று கேட்பவர்கள் உண்டு. எத்தனை டால்பின்களுக்கு இப்படி நேர்கிறது என்று நான் கேட்டால் அந்த ஆட்சேபம் சரி. குரலை உயர்த்துவதும் கூட்டு வேலை தோற்பதும் ஒரே நேரத்தில் நடக்க முடியுமா என்பதுதான் என் கேள்வி. அதற்கு இரண்டு விலங்குகள் தாராளம்.

பட்டாணிக்குருவிக்கே திரும்புவோம், துறை தன் பெருமையாகக் காட்டும் உதாரணம் அது. விடியலில் ஆண் பறவை கூட்டுக்கு வெளியே பாடுகிறது; உள்ளே பெண் கேட்டுக்கொண்டிருக்கிறது. வௌட்டர் ஹால்ஃப்வெர்க் குழுவினர் 2011இல் கூட்டுப் பெட்டிக்குள் இருந்த பெண்ணைக் கவனித்தார்கள். பெண் கருத்தரிக்கும் உச்ச நாட்களில் ஆண்கள் தாழ்ந்த சுருதியில் பாடின. உயர்ந்த சுருதியில் பாடிய ஆண்களின் இணை வேறு ஆணுடன் கூடும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. இரைச்சலோ தாழ்ந்த பாட்டைத்தான் விழுங்குகிறது. ஆகவே நகரத்து ஆணுக்கு இரண்டு வழி: காதில் விழாத நல்ல பாட்டு, அல்லது காதில் விழும் மட்டமான பாட்டு. எட்டு ஆண்டுகள் ‘ஈடுகொடுத்தல்’ என்று கொண்டாடிய மாற்றம் இணையை இழக்கும் வழியாகவும் இருக்கலாம் என்பது பெண்ணைக் கேட்ட பிறகே தெரிந்தது. பாடகனின் தரப்பிலிருந்து பார்த்தாலும் லாபம் சொற்பம்தான்: சுருதியை உயர்த்துவதைவிட உரக்கப் பாடுவதே பாட்டைத் தூரம் கொண்டுசேர்க்கும் என்று நெமெத்தும் புரூமும் 2010இலேயே கணக்கிட்டிருந்தார்கள். பத்திகள் அதைக் கண்டுகொள்ளவில்லை.

கூட்டமாக வாழும் விலங்கில் இழப்பு இன்னும் மறைவானது. தென்னாப்பிரிக்கக் குள்ளக் கீரிகளில் ஒன்று உயரமான இடத்தில் ஏறிக் காவல் நிற்கும். விட்டு விட்டு மெல்லக் குரல் கொடுக்கும். அந்தக் குரல் கேட்டுக்கொண்டிருக்கும்வரை மற்றவை தலை நிமிராமல் மண்ணைக் கிளறி இரை தேடலாம். ஜூலி கெர்னும் ஆண்ட்ரூ ராட்ஃபோர்டும் வாகனச் சத்தத்தை ஒலிக்கவிட்டபோது, காவல் குரலுக்கு மற்ற கீரிகள் காட்டும் எதிர்வினை குறைந்தது. ஒவ்வொன்றும் அடிக்கடி தானே தலை தூக்கிப் பார்த்தது. யாரும் சாகவில்லை, யாரும் ஓடவில்லை, யார் குரலும் மாறியாக வேண்டியதில்லை. கூட்டமாக இருப்பதால் கிடைத்த லாபம் மட்டும் கரைந்தது. காவல்காரனின் குரலை எவ்வளவு துல்லியமாகப் பதிவுசெய்தாலும் இது அகப்படாது.

இந்தக் குறை ஆய்விதழ்களோடு நின்றால் விட்டுவிடலாம். சட்டத்துக்குள்ளும் இதே பார்வைதான் இருக்கிறது. அமெரிக்காவில் கடல் பாலூட்டிகளுக்கு இரைச்சல் தொந்தரவாகும் வரம்பு, நீரடி அளவீட்டில், தொடர் ஒலிக்கு 120 டெசிபல், விட்டு விட்டு எழும் துடிப்பொலிக்கு 160 டெசிபல். அந்த வரம்பைத் தாண்டிய ஒலி எத்தனை விலங்குகளை எட்டும் என்று தலை எண்ணி அனுமதி வழங்குகிறார்கள். தாயின் அழைப்பு குட்டிக்கு எட்டியதா, வேட்டைக்குப் போன குழு பிரிந்ததா என்பதற்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. பத்து ஓர்காக்கள் அங்கே பத்து எண்கள். ஒரு குடும்பம் இல்லை.

கேட்கும் விலங்கை அளப்பது கடினம், முதலில் குரலை அறிவோம் என்பது துறையின் வழக்கமான பதில். 2003இலிருந்து இந்த ‘முதலில்’ நீண்டுகொண்டே போகிறது. உடலில் ஒட்டும் ஒலிப்பதிவுக் கருவிகள் வந்து வெகு காலமாகிறது. டால்பின் சோதனையிலும் அவை பயன்பட்டன. கீரி ஆய்வுக்குத் தேவைப்பட்டவை ஒலிபெருக்கியும் பொறுமையும் மனிதருக்குப் பழகிய கூட்டமும். கடினம் என்பதைவிட, பாடும் ஆண் பறவையைப் பதிவுசெய்வது சுலபம் என்பதே உண்மைக் காரணமாக எனக்குப் படுகிறது. சுலபமான அளவீடு மேலும் கட்டுரைகளைத் தருகிறது. கட்டுரைகள் பெருகப் பெருக அதுவே துறையின் கேள்வியாகிவிடுகிறது.

ஆய்விதழ் ஆசிரியர்கள் ஒரே ஒரு நிபந்தனை வைக்கலாம். ஒரு விலங்கு இரைச்சலுக்கு ஈடுகொடுத்தது என்று எழுத விரும்புகிறவர், அதன் குரல் கேட்டு இன்னொரு விலங்கு செய்ய வேண்டியதைச் செய்ததா என்று காட்டியிருக்க வேண்டும். காட்ட முடியாதவர் குரல் மாறியது என்று எழுதி நிறுத்திக்கொள்ளட்டும். இந்த நிபந்தனைக்குத் தாக்குப்பிடிக்கும் கட்டுரைகள் கொஞ்சம்தான் இருக்கும். பறவைகள் சமாளித்துக்கொள்கின்றன என்று நெடுஞ்சாலைக்கும் கப்பல் தடத்துக்கும் நற்சான்று தருகிறவர்கள் அந்தக் கொஞ்சத்தைப் படித்துவிட்டுப் பேசட்டும்.