மெதுவாக ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்

திருச்செங்கோட்டில் வீட்டோடு ஒட்டிய ஒரு லேத் பட்டறை. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளுக்காகக் கடைய வந்த ஷாஃப்டுகள் வாசலில் ஆளுயரத்துக்குச் சாய்ந்து நின்றன. அன்றைய வேலை முடிந்ததும் பட்டறைக்காரர் துணியில் சுற்றிய ஒன்றை எடுத்துப் பலகை மேல் வைத்தார். உள்ளங்கைக்குள் அடங்கும் நீராவி இன்ஜின். கம்ப்ரஸர் குழாயை மாட்டித் திறந்ததும் ஃப்ளைவீல் கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் சுழன்றது. நான் கைதட்டினேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

"வேகமா ஓட்டறதுக்கென்னங்க, காத்தத் தொறந்துவிட்டா காயலான் கடைச் சாமானுங்கூட ஓடும். மெதுவா ஓடோணும்."

குழாயின் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகிக் காற்றைக் குறைத்தார். சக்கரத்தின் ஆரங்களை ஒவ்வொன்றாக எண்ண முடிந்தது. அப்போதும் நிற்கவில்லை.

சின்ன இன்ஜினை ரசிக்க இதுதான் முதல் பாடம். வேகத்தில் ஃப்ளைவீலின் உந்துதல் எல்லாக் குறையையும் மூடிவிடும். காற்றைக் குறைத்தால் எங்கே இறுக்கம், எங்கே கசிவு என்பது தெரிந்துவிடும். இந்தப் பக்கத்துப் பெரியவர்களுக்கு இது புதிதல்ல. கிணற்று மேட்டில் ஓடிய லிஸ்டர் வகை ஆயில் இன்ஜினுக்கு நிமிடத்துக்கு 650 சுற்றுதான். இரண்டு சுற்றுக்கு ஒரு வெடி. சத்தத்தை வைத்தே யார் தோட்டத்து இன்ஜின், என்ன கோளாறு என்று சொன்ன காதுகள் இங்கே உண்டு. அந்தக் காதைத்தான் பலகைக்கு அருகே கொண்டுபோக வேண்டும்.

அவர் செய்தது சிலிண்டரே ஊசலாடும் எளிய வகை. தனியாக வால்வு கிடையாது. சிலிண்டரின் தட்டையான முகத்தில் ஒரு துளை. அது உரசி ஆடும் தாங்கியில் இரண்டு துளைகள். ஒரு பக்கம் சாயும்போது காற்று உள்ளே போகும், மறுபக்கம் சாயும்போது வெளியேறும். ஆழ்துளைக் கிணறு போடும் ஹேமருக்குள்ளும் இதே கதைதான்: காற்று வழி மாறி மாறித் திறக்க, பிஸ்டன் ஏறி இறங்கிப் பாறையை உடைக்கும் பிட்டை அடிக்கிறது. பகலில் அந்த ஹேமரை ரிப்பேர் பார்க்கும் கைதான் இரவில் இதைக் கடைகிறது. லண்டனில் 1898-ல் பெர்சிவல் மார்ஷல் தொடங்கிய 'மாடல் இன்ஜினியர்' பத்திரிகை, வீட்டுக் கொட்டகையில் பொழுதுபோக்காகக் கடைபவர்களுக்கானது. இங்கே லேத்துதான் சோறு போடுகிறது. விளையாட்டுக்கு மிஞ்சுவது ராத்திரி மட்டுமே.

அனுமதி கேட்டுப் பிஸ்டனைத் தொட்டுப் பாருங்கள். நாமக்கல்லில் லாரி பாடி கட்டுகிறவர்களின் பேச்சு 'நூல்' கணக்கில் ஓடும். ஒரு நூல் என்றால் இன்ச்சில் எட்டில் ஒரு பங்கு. இங்கே பேச்சு மில்லிமீட்டரில் நூறில் ஒன்று, இரண்டு. தலைமுடியே அதைவிடச் சில மடங்கு தடிமன். சிலிண்டர் துளையை விரலால் அடைத்துக்கொண்டு பிஸ்டனைப் பாதி இழுத்து விட்டால், அது தானாக உள்ளே திரும்ப வேண்டும். முழுக்க உருவினால் 'டப்' என்று சத்தம் கேட்கும். ரிங் இல்லை, ரப்பர் இல்லை. கன்மெட்டல் துளைக்குள் ஓர் உருளை, அவ்வளவுதான். எனக்கு இன்ஜின் ஓடுவதைவிட இந்த 'டப்' பிடிக்கும்.

பிறகு ஃப்ளைவீலை விரலால் தட்டிவிட்டு, விளிம்பருகே ஒரு காகித முனையைப் பிடியுங்கள். இடைவெளி மாறாமலிருந்தால் சக்கரம் ஆட்டமில்லாமல் கடையப்பட்டிருக்கிறது. கண்ணாடி போன்ற பளபளப்பில் மயங்க வேண்டாம். பஃப் போட்டால் எதுவும் மின்னும். கூடவே கூரான ஓரங்களும் மழுங்கும். முனை கூர்மையாக நின்று, லேத் டூல் போன மெல்லிய கோடுகள் சீராகத் தெரிந்தால் அதுதான் நல்ல கை. திருகுகளையும் பாருங்கள். கடையில் வாங்கிய பெரிய போல்ட் சின்ன இன்ஜினில் உட்கார்ந்தால் குழந்தை தலையில் அப்பாவின் ஹெல்மெட்.

நிஜ நீராவியில் ஓட்டிக் காட்டுங்கள் என்று வற்புறுத்த வேண்டாம். தண்ணீர் ஆவியானால் சுமார் 1,600 மடங்கு இடம் கேட்கும். பற்றவைப்பு சரியில்லாத பாய்லர் விளையாட்டுச் சாமான் அல்ல. நீராவியின் வாசனை வேண்டுமானால் மேட்டுப்பாளையத்துக்கு ரயிலேறுங்கள். ஊட்டி மலை ரயிலின் எக்ஸ் வகை நீராவி இன்ஜினில், பக்கத்துக்கு இரண்டாக மேலும் கீழும் சிலிண்டர்கள் இருக்கும். கல்லாறு தாண்டிப் பல்தண்டவாளம் தொடங்கியதும், கீழ்ச் சிலிண்டரில் வேலை முடித்த நீராவியே மேல் சிலிண்டருக்குப் போய்ப் பல்சக்கரத்தைச் சுற்றும். மேலே உள்ளவை அசையத் தொடங்கும் கணத்தைப் பிடித்துவிட்டால் டிக்கெட் காசு வந்துவிட்டது.

அன்று கிளம்பும் நேரத்தில் பட்டறைக்காரர் கம்ப்ரஸரை நிறுத்திவிட்டுக் குழாயை என்னிடம் நீட்டினார். "ஊதிப் பாருங்க." பலூன் ஊதுவது போல ஊதினேன். ஒன்றும் ஆகவில்லை. "அவ்வளவு வேண்டாங்க. டீ ஆத்தற மாதிரி." மெல்ல ஊதினேன். சக்கரம் ஒரு கணம் தயங்கி, பிறகு புறப்பட்டது. என் மூச்சு தீர்ந்த பிறகும் நாலு சுற்று ஓடி நின்றது.