தூய்மையும் தொடுதலும்: கவிமணியின் உடல்நலப் பாடலைக் குறித்து

தொடக்கப் பள்ளியில் உடல்நலத்தைக் கற்பிப்பது எளிது, நல்லுறவுகளைக் கற்பிப்பதே அரிது என்று பொதுவாகக் கருதப்படுகின்றது. இவ்விரண்டையும் தனித்தனியே கற்பிக்க இயலுமோ என்பதே நம் வினா. இதனை ஆராயக் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையின் 'உடல் நலம் பேணல்' என்னும் பாடலை எடுத்துக்கொள்வோம். சுசீந்திரத்தை அடுத்த தேரூரில் 1876-இல் பிறந்து ஆசிரியப் பணியாற்றிய கவிமணியின் இப்பாடல் 'மலரும் மாலையும்' என்னும் நூலில் உள்ளது. பள்ளிப் பாடநூல்களிலும் இடம்பெற்றதுண்டு.

பாடலின் சிறப்பு அதன் எளிமை. தூய காற்று, நன்னீர், பசித்தபின் உணவு, அளவறிந்து உண்ணல், காலை மாலை உலாவல், நல்லுறக்கம் ஆகியவற்றைக் குழந்தையின் நாவில் தங்கும் சொற்களால் கவிஞர் கூறுகின்றார். நோய் வருமுன் காக்க வேண்டும் என்பதே அவரது முடிவு. ஏழையையும் அவர் மறக்கவில்லை. கூழே உணவாயினும் குளித்தபின் குடிக்குமாறு பரிவோடு சொல்லுகின்றார்.

ஆயினும், இப்பாடல் குழந்தையைத் தனியனாக நிறுத்தியே பேசுகின்றது. நீர் எங்கிருந்து வரும், கூழ் ஏன் கூழாகவே இருக்கின்றது, வீட்டில் அச்சமுள்ள பிள்ளை எவ்வாறு உறங்கும் என்பவை இதன் எல்லைக்குள் வரவில்லை.

இக்குறையை நாம் ஏட்டில் கற்கவில்லை. பல்லாண்டுகளுக்கு முன் சுசீந்திரம் பகுதியிலுள்ள தொடக்கப் பள்ளியொன்றில் இப்பாடலைக் கற்பித்து முடித்து, அன்று குளித்து வந்தவர்கள் கையுயர்த்துமாறு கூறினோம். ஒரு சிறுமி மட்டும் கையுயர்த்தவில்லை. பக்கத்திலிருந்த பிள்ளைகள் சற்றே விலகி அமர்ந்தார்கள். தூய்மையைக் கற்பிக்கச் சென்ற நாமே விலக்குதலைக் கற்பித்துவிட்டோம்.

இது சுசீந்திரத்தில் நிகழ்ந்தது என்பதே நம்மை மிகவும் வருத்துகின்றது. இந்திரன் தூய்மை பெற்ற தலம் என்பதால் இவ்வூர் இப்பெயர் பெற்றதெனத் தலபுராணம் கூறும். அவ்வூரிலேயே கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காக 1926-இல் மக்கள் சத்தியாக்கிரகம் செய்ய வேண்டியிருந்தது. திருவிதாங்கூரின் ஆலயப் பிரவேசப் பிரகடனம் 1936 நவம்பர் 12-ஆம் நாளிலேயே வெளிவந்தது. தூய்மை என்னும் சொல் இம்மண்ணில் குற்றமற்ற சொல்லன்று.

குறை கவிஞருடையது மட்டுமன்று. 'தீண்டாதார் விண்ணப்பம்' பாடியவரும் அவரே. ஒரு பாடலைக் குழந்தைகளுக்கென எடுத்துக்கொண்டு, மற்றதைப் பெரியோர்க்கென ஒதுக்கியவர்கள் ஆசிரியராகிய நாமே. இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் உடலைப் பேணுதல் பிறர் உடலை மதித்தலுமாகும் என்னும் முழுப்பாடம் கிடைக்கின்றது.

சிறுவராகிய இயேசுவின் வளர்ச்சியைச் சொல்லும் லூக்கா, ஞானத்தையும் வளர்த்தியையும் கூறுவதோடு நில்லாமல், தேவனிடத்திலும் மனிதரிடத்திலும் பெற்ற தயவையும் சேர்த்தே குறிப்பிடுகின்றார். மாற்கு முதலாம் அதிகாரத்தில் ஆண்டவர் குஷ்டரோகியைச் சுத்தமாக்குமுன் தம் கையை நீட்டித் தொடுகின்றார். முதலில் உறவு, பின்னரே சுத்தம். நம் வகுப்பறையில் நாம் இவ்வரிசையை மாற்றிவிட்டோம்.

நம்மில் பலர் பள்ளித் தாளாளர்களாயிருக்கின்றோம். பசித்த பிள்ளைக்கு அறிவுரையன்று, பந்தியே விடையென்பதைத் தமிழகத்தின் மதிய உணவும், 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் காட்டுகின்றன. உடலையும் மனத்தையும் வருத்தும் தண்டனையைக் கல்வியுரிமைச் சட்டம் 2009-இலேயே தடைசெய்தது. தகாத தொடுதலிலிருந்து குழந்தைகளைக் காக்க 2012-இல் தனிச் சட்டம் வந்தது. அத்தொடுதலை மறுக்கவும், நம்பத்தக்க ஒருவரிடம் சொல்லவும் பிள்ளை கற்றாக வேண்டும். அதைக் கேட்டு நம்புவதற்கு நாமும் கற்றாக வேண்டும்.

கவிமணியின் பாடலை இனியும் கற்பிப்போம். ஆனால் கையுயர்த்தச் சொல்லமாட்டோம். கையுயர்த்தாத பிள்ளையின் அருகே முதலில் சென்று அமர்வோம்.