எண்ணப்படாத மூச்சு

தெருநாய்க் கருத்தடை மையங்களில் அறுத்தெடுத்த சூலகங்களையும் கருப்பைகளையும் ஃபார்மலின் ஊற்றிய டப்பாக்களில் சேர்த்து வைக்கிறார்கள். பின்னர் அவற்றை எண்ணிப் பார்த்து, கணக்குச் சரியாக இருந்தால் பில் பாஸாகிறது. செய்யாத அறுவைக்குப் பணம் எடுப்பதைத் தடுக்க வந்த ஏற்பாடு இது, தேவையான ஏற்பாடும்கூட. ஆனால் அந்த உறுப்பை எடுத்த இருபது நிமிடத்தில் நாய் எத்தனை தடவை மூச்சு விட்டது, இதயம் எவ்வளவு துடித்தது, உடம்புச் சூடு எங்கே போய் நின்றது என்று எழுதிய தாளைக் கேட்பார் அரிது. பல இடங்களில் அப்படியொரு தாளே கிடையாது. மயக்கத்தில் கிடக்கும் நாயைப் பார்ப்பதற்கென்றே ஓர் ஆள் வேண்டும், அவர் பார்த்ததை எழுத வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

இதை இப்போது பேசக் காரணம் இருக்கிறது. நாய்களைப் பிடித்துக் கொல்வதை விட்டுக் கருத்தடைக்கு மாறச் சொல்லி சென்னையின் புளூ கிராஸ் 1964லேயே கேட்டது. சென்னை மாநகராட்சி அந்த வழிக்கு வந்தது 1996ல். 2001ல் மத்திய அரசின் நாய் இனக்கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. 2023 மார்ச்சில் புதிய விதிகள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. 2025 ஆகஸ்ட் 22ல் உச்ச நீதிமன்றம், வெறிநோய் கண்டவை, மூர்க்கமானவை தவிர மற்ற நாய்களைக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்றது. மாநகரங்களில் நடந்துவந்த வேலை இனி சேத்தியாத்தோப்பு மாதிரியான பேரூராட்சிகளின் பொறுப்பாகவும் ஆகப்போகிறது. வெள்ளாற்றுக் கரையில், சிதம்பரத்துக்கும் விருத்தாசலத்துக்கும் நடுவில் இருக்கும் ஊர். கரும்பும் நெல்லும் கறவை மாடும்தான் பிழைப்பு. இப்படிப்பட்ட ஊரில் கால்நடை மருத்துவரின் பகல் சினை ஊசி, கழிச்சல், மடிவீக்கம், ஆட்டுக்குத் தடுப்பூசி என்றே கழிந்துவிடும். நாயின் வயிற்றைத் திறக்கத் தெரிந்தவர் இருப்பார். அவருக்குப் பக்கத்தில் நிற்க இரண்டாவது ஆள் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி.

நடைமுறை எப்படி? சைலசினும் கெட்டமினும் சேர்த்து ஊசி போடுவார்கள். சில இடங்களில் டையசிபாம், பியூட்டார்பனால், புரோபோபால் கூடச் சேரும். வாயு மயக்கம் தரும் இயந்திரம் பெரிய ஊர்களோடு சரி. மயங்கிய நாயின் வயிற்றை மழித்து, ஸ்பிரிட்டும் அயோடினும் தடவி, தொப்புளுக்குக் கீழேயோ விலாப்பக்கத்திலேயோ சின்னதாகக் கீறி, இரண்டு சூலகத்தையும் கருப்பையையும் எடுத்துத் தைத்துவிடுவார்கள். கை தேர்ந்தவருக்குக் கால் மணி நேர வேலை.

இந்த முறையைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. மருந்து மலிவு, மின்சாரம் போனாலும் வேலை நிற்காது, கெட்டமின் மற்றப் பல மயக்க மருந்துகளைப் போல மூச்சை அவ்வளவாக அமுக்காது. முதல் பருவத்துக்கு வராத இளநாயில் கருப்பை நூல்போல இருக்கும், ரத்தக்குழாய் மெலிசு, கொழுப்பு குறைவு. அறுவை சீக்கிரம் முடியும். மயக்கத்தில் இருக்கும் நேரம் குறைவதே பெரிய பாதுகாப்பு. ஊட்டியில் வேர்ல்டுவைட் வெட்டரினரி சர்வீஸ் நடத்தும் பயிற்சி மையத்தில் கால்நடை மருத்துவர்கள் இந்த அறுவையைக் கற்றுப் போகிறார்கள். எளிய வசதியை வைத்துக்கொண்டே சுத்தமாகவும் வேகமாகவும் செய்ய முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். கருவி இல்லாத கண்காணிப்பும் வெறும் குருட்டுத்தனம் ஆகாது. தொடையின் உள்பக்கம் விரல் வைத்தால் நாடி கிடைக்கும். ஈற்றை அழுத்திவிட்டால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் சிவக்க வேண்டும். தாடையை விரித்தால் எவ்வளவு எதிர்க்கிறது என்பதில் மயக்கத்தின் ஆழம் தெரியும். பழகிய விரல்களுக்கு இதெல்லாம் நிறையச் சொல்லும்.

சிக்கல், அந்த விரல்கள் யாருடையவை என்பதில் தொடங்குகிறது. கையுறை போட்டு வயிற்றுக்குள் விரலை விட்டிருக்கும் மருத்துவரால் ஈற்றைத் தொட முடியாது. அவர் கண் சூலகத்தில் இருக்கும். மார்பு ஏறி இறங்குவது பச்சைத் துணிக்குக் கீழே. உதவியாளர் அடுத்த நாய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டிருப்பார், அல்லது கூண்டிலிருந்து ஒன்றைத் தூக்கி வந்துகொண்டிருப்பார். எல்லாரும் வேலையில்தான் இருக்கிறார்கள். நாயைப் பார்ப்பது மட்டும் யாருடைய வேலையாகவும் இல்லை.

மருந்தும் கண்ணை ஏமாற்றும். கெட்டமினில் நாயின் கண் திறந்தே இருக்கும், இமையைத் தொட்டால் சிமிட்டும். மற்ற மயக்க மருந்துகளில் ஆழத்தைச் சொல்லும் கண் அடையாளங்கள் இங்கே பயன்படுவதில்லை. தோல், தசை வலியைக் கெட்டமின் நன்றாக அடக்குகிறது. உள்ளுறுப்பு வலியை அந்த அளவுக்கு அடக்குவதில்லை. சூலகத்தை இழுத்துப் பிடிக்கும் நார் அறுபடும் நொடியில் மூச்சு சட்டென்று மாறுவது அதனால்தான். அந்த நொடியில்தான் மருத்துவரின் முழுக் கவனமும் ரத்தக்குழாய்க் கட்டில் இருக்கும். சைலசின் இதயத்துடிப்பைப் பாதியாக்கிவிடக்கூடியது. வளர்ந்த நாயின் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கொஞ்சம் கூடுதல் ரத்தத்தைத் தள்ளி ஓரளவு ஈடுகட்டும். குட்டியின் இதயத்துக்கு அந்த வசதி குறைவு. துடிப்பு குறைந்தால் ரத்த ஓட்டமும் அதே வேகத்தில் குறையும்.

ஈறு நீலமானால் தெரியாதா என்பார்கள். நீலம் தாமதமாக வரும் அடையாளம். ரத்தத்தில் ஆக்ஸிஜனை இழந்த ஹீமோகுளோபின் கணிசமாகச் சேர்ந்த பிறகே அது கண்ணுக்குத் தெரியும். நம் ஊர்த் தெருநாய்களில் உண்ணிக் காய்ச்சலும் கொக்கிப்புழுவும் சர்வசாதாரணம். அவற்றால் ரத்தசோகை வந்த நாயில் ஹீமோகுளோபினே குறைவு. அப்படிப்பட்ட நாய் மூச்சுத் திணறிச் செத்தாலும் ஈறு நீலமாகாமல் வெளுத்தே இருந்துவிடலாம். காதைப் புரட்டினால் உண்ணி கொத்தாக இருக்கிற நாயை மேசையில் ஏற்றுவதற்கு முன் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்துவிடுவது, அறுவையின்போது பார்க்கும் எந்தக் கருவிக்கும் குறைந்த பாதுகாப்பல்ல.

கருவி என்றதும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் நினைவுக்கு வருகிறது. கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கியது. நாய்க்கு அதை நாக்கில் மாட்டுகிறார்கள். பல் இடுக்கு வழியாக வெளியே இழுத்துவிட்ட நாக்கின் மேல் கிளிப்பைப் பொருத்தியதும் 97, 98 என்று காட்டும். பத்து நிமிடத்தில் நாக்கு காய்ந்துவிடும். கிளிப் அழுத்திய இடத்தில் ரத்தமும் குறையும். எண் 88க்கு இறங்கும், பீப் ஒலிக்கும். சைலசின் தோலோரக் குழாய்களைச் சுருக்குவதாலும் இப்படித் தவறாக இறங்கும். நாக்கை உப்பு நீரில் நனைத்து, கிளிப்பை அரை அங்குலம் தள்ளி மாட்டி, கூடவே தொடை நாடியைத் தொட்டுப் பார்த்தால் உண்மை விளங்கும். அதைச் செய்ய ஆளில்லாத இடத்தில் என்ன நடக்கும்? முதல் நாள் பதறுவார்கள், மூன்றாம் நாள் கருவியை அணைத்துவிடுவார்கள். இன்னொரு குறையும் உண்டு. ஆக்ஸிஜன் கொடுக்கப்படும் நாய் சரியாக மூச்சு விடாவிட்டாலும் எண் வெகுநேரம் நன்றாகவே இருக்கும். கரியமில வாயுவை அளக்கும் கேப்னோகிராப் அதை முன்பே காட்டும். அதன் விலை சின்ன மையங்களுக்குக் கட்டுப்படியாகாது.

மனித மருத்துவத்தில் இதைப் பெரிய அளவில் சோதித்திருக்கிறார்கள். டென்மார்க்கில் 20,802 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் ஆக்ஸிமீட்டர் வைத்து நடத்திய ஆய்வு 1993ல் வெளியானது. கருவி வைத்தவர்களிடம் ஆக்ஸிஜன் குறைவு பல மடங்கு அதிகமாகக் கண்டுபிடிக்கப்பட்டது. இறப்பு எண்ணிக்கையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. பிரிட்டனில் 2002 முதல் 2004 வரை நாய், பூனைகளிடம் நடத்திய பெரிய கணக்கெடுப்பில், பூனைகளுக்கு நாடியும் ஆக்ஸிமீட்டரும் பார்த்த இடங்களில் சாவு குறைந்திருந்தது. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது: எல்லாருக்கும் மயக்க மருத்துவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் அறையில் கருவி புதிதாகத் தருவது குறைவு. யாரும் உட்காராத அறையில் அது ஒருவரைப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறது. நம் மையங்கள் இரண்டாவது வகை. ஆகவே கருவியை வாங்கட்டும், அதைப் பார்க்க ஓர் ஆளையும் சேர்த்து.

அதே பிரிட்டன் கணக்கில் 98,036 நாய்கள் இருந்தன. மயக்கம் தொடர்பான சாவு மொத்தத்தில் 0.17 சதவீதம், ஆரோக்கியமான நாய்களில் 0.05 சதவீதம், அதாவது சுமார் 1,850க்கு ஒன்று. கருத்தடைக்கு வரும் இளநாய் இந்த இரண்டாவது வகையில் சேர வேண்டியது. இதில் என்னை அதிகம் யோசிக்க வைப்பது வேறொரு எண். இறந்த நாய்களில் கிட்டத்தட்டப் பாதி, 47 சதவீதம், அறுவை முடிந்த பிறகு இறந்தவை; அவற்றிலும் பெரும்பகுதி முதல் மூன்று மணி நேரத்துக்குள்.

நம் மையங்களில் கடைசித் தையலோடு கவனம் முடிந்துவிடுகிறது. நாயைத் தூக்கி சிமென்ட் தரையில் வரிசையாகக் கிடத்துகிறார்கள். வயிறு ஸ்பிரிட்டில் நனைந்திருக்கும், மழித்த இடத்தில் முடியில்லை, மருந்து உடம்பின் சூட்டுக் கட்டுப்பாட்டைக் கெடுத்திருக்கும், தரை மிச்சச் சூட்டையும் உறிஞ்சும். குட்டிக்கு எடையை ஒப்பிட்டால் தோல் பரப்பு அதிகம். பெரிய நாயைவிடச் சீக்கிரம் குளிரும். கார்த்திகை மார்கழி மழையில் மட்டும் நடப்பதல்ல, சித்திரை வெயிலிலும் நடக்கும். 101, 102 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்க வேண்டிய உடம்பு 96க்கு வந்துவிட்டால் மருந்து மெதுவாகத்தான் கரையும், விழிப்பு தள்ளிப்போகும், மூச்சு மந்தமாகும். இதற்குத் தேவைப்படுவது சாக்கு, பழைய நாளிதழ், துண்டு சுற்றிய வெந்நீர்ப் பாட்டில், ஒரு தெர்மாமீட்டர். சைலசின் வாந்தியைத் தூண்டக்கூடியது என்பதால் தலையைச் சரித்துவைத்து நாக்கை வெளியே இழுத்துவிட ஆள் வேண்டும். சைலசினுக்கு மாற்று மருந்தான யோகிம்பின் கைவசம் இருந்தால் விழிப்பை விரைவாக்கலாம்.

மேசைக்கு ஏறும் முன்பே நடக்கும் பிழை ஒன்று: எடை. எட்டு கிலோ நாயைக் கண்மதிப்பில் பத்து என்று எழுதினால் மருந்து கால் பங்கு கூடிவிடுகிறது. சாக்கில் போட்டுத் தொங்கவிட்டு நிறுக்கும் தராசு எந்தக் கரும்புக்காட்டு ஊரிலும் கிடைக்கும். பட்டினியிலும் இதே அலட்சியம்தான். பெரிய நாய்க்குச் சொல்லும் இரவு முழுப் பட்டினியை மூன்று மாதக் குட்டிக்கும் போட்டால், கல்லீரலில் சேமிப்பில்லாத அந்த உடம்பில் சர்க்கரை இறங்கிவிடும். விழிக்காமல் கிடப்பதற்கு மயக்க மருந்தின் மேல் பழி போடுவார்கள். வளர்ப்பு நாய்களில் சிப்பிப்பாறை, கன்னி போன்ற ஒல்லி வேட்டைநாய்களுக்குத் தயோபென்டோன் என்ற மயக்க மருந்தைக் கொடுக்கும்போது தனி எச்சரிக்கை தேவை; கிரேஹவுண்டில் அந்த மருந்தின் விழிப்பு நீண்டுபோவது நன்கு தெரிந்த விஷயம்.

செலவைக் காட்டி மறுப்பார்கள். நாய் ஒன்றுக்கு இவ்வளவு என்று ஒட்டுமொத்தத் தொகைக்கு ஒப்பந்தம் எடுத்தவர், ஒரு நாளில் முப்பது நாய் முடித்தால்தான் கட்டுப்படியாகும் என்பார். கணக்கு உண்மைதான். கூடுதல் ஆள் வைத்தால் இருபத்திரண்டு நாய்தான் முடியும் என்றால், அந்த இருபத்திரண்டுக்கு ஏற்றபடி தொகையை நிர்ணயிக்க வேண்டியது பேரூராட்சியின் கடமை. மருத்துவரை வேகப்படுத்தி மிச்சம் பிடிக்கக் கூடாது. அந்த ஆளுக்குப் பட்டம் தேவையில்லை. ஒரு வாரம் ஒரு மருத்துவரின் பக்கத்தில் நின்று நாடி, மூச்சு, ஈறு, சூடு நான்கையும் பார்க்கப் பழகிய உள்ளூர்ப் பெண்ணோ இளைஞரோ போதும். மாட்டுக்குக் காய்ச்சல் பார்த்த வீடுகள் நிறைந்த வட்டாரம் இது. விரலால் நாடி பிடிப்பது அவர்களுக்கு அந்நியமான வேலையாக இருக்காது.

தாளைப் பொய்யாக நிரப்பிவிடுவார்கள் என்பது இன்னும் கனமான மறுப்பு. எல்லா நாய்க்கும் நாடி 100, மூச்சு 16, சூடு 101 என்று ஒரே பேனாவில் சாயங்காலம் எழுதிவிட முடியும். அதனால்தான் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை நேரத்தோடு எழுத வேண்டும், இறந்த நாயின் தாளைத் தனியாகக் கோர்த்து மையத்தைக் கண்காணிக்கும் குழுவிடம் கொடுக்க வேண்டும், தாள் இல்லாத அறுவைக்குப் பணம் இல்லை என்று ஒப்பந்தத்திலேயே சேர்க்க வேண்டும் என்கிறேன். 2023ஆம் ஆண்டு விதிகள் மையங்களில் சிசிடிவி கேமரா வைக்கச் சொல்கின்றன. அதில் ஒன்றை மேசையின் தலைமாட்டிலும் இன்னொன்றை விழிப்புக்குக் கிடத்தும் இடத்திலும் பொருத்தினால், தாளில் எழுதிய நேரத்தில் அந்த ஆளின் கை நாயின் மேல் இருந்ததா என்று குழு சரிபார்த்துக்கொள்ளலாம்.