கடைசி மூன்று நிமிடமும் கடைசி ஐந்து வருடமும்

2016 ஜூன். பிரான்சின் லெ மான் களத்தில் 24 மணி நேரப் பந்தயம் முடியப் போகிறது. முதலிடத்தில் போய்க்கொண்டிருந்த ஜப்பானின் டொயோட்டா, மூன்று நிமிடம் சொச்சம் பாக்கி இருக்கும்போது இழுவை இழந்தது. ஓட்டியவர் கசூகி நாகஜிமா. பின்னால் வந்த போர்ஷே கோப்பையைத் தட்டிச் சென்றது. அதே டொயோட்டா 2018 முதல் 2022 வரை ஐந்து வருடம் தொடர்ந்து அங்கே ஜெயித்தது. அதே களத்தில் 1966-ல் முதல் மூன்று இடங்களையும் பிடித்து, 1969 வரை வேறு யாருக்கும் வழிவிடாமல் நின்றது அமெரிக்காவின் ஃபோர்டு. பந்தயக் களத்தை மட்டும் பார்த்தால், தாங்கும் சக்தியில் இந்த இரண்டு நாட்டையும் ஏற்றம் இறக்கம் சொல்லிவிட முடியாது.

ஆனால் திருவனந்தபுரத்துக்குத் தெற்கே எங்கள் காஞ்சிரங்குளத்தில் ஒரு குடும்பக் கார் ஓடும் பந்தயத்துக்கு நீளம் 15 வருடம். அதற்குப் பிறகு ஆர்.சி.யைப் புதுப்பித்து இன்னும் ஐந்து வருடம் ஓட்டுகிறவர்கள் இங்கே நிறையப் பேர். கல்ஃபிலிருந்து வருகிறவரை அழைத்து வரத் திருவனந்தபுரம் விமான நிலையம், அம்மாவுக்கு முடியவில்லை என்றால் மெடிக்கல் காலேஜ், கல்யாணம் என்றால் பாறசாலை தாண்டிக் களியக்காவிளை, மார்த்தாண்டம். மீதி நாளெல்லாம் வாசலில் நிற்கும். அப்படி நிற்கும்போதுதான் புல்லுவிளைப் பக்கமிருந்து வரும் உப்புக்காற்று வேலையைக் காட்டும். வருடத்துக்கு இடவப்பாதி, துலாமழை என்று இரண்டு மழைக்காலம் வேறு. நெய்யாற்றின்கரை, பாறசாலை வட்டாரத்தில் அமெரிக்கக் கார் நல்லதா, ஜப்பான் கார் நல்லதா என்ற கேள்விக்கு இந்தக் களத்தை வைத்துத்தான் பதில் சொல்ல வேண்டும்.

முதலில் அமெரிக்க அணி. ஃபோர்டு 1995-ல் மஹிந்திராவோடு கைகோத்து வந்தது. சென்னைக்குப் பக்கத்தில் மறைமலை நகரில் ஆலை. எஸ்கார்ட் எடுபடவில்லை. 1999-ல் வந்த ஐகான் எடுபட்டது. பிறகு ஃபியஸ்டா, 2010-ல் ஃபிகோ, 2013-ல் ஈகோஸ்போர்ட். ஓட்டிப் பார்த்தவர்கள் யாரும் இவற்றை மட்டமாகப் பேசி நான் கேட்டதில்லை. ஸ்டீயரிங் கைக்கு அடங்கும், மேடு பள்ளத்தில் வண்டி கலங்காது, கதவைச் சாத்தினால் கனமான ஒரு சத்தம் வரும். 2014-ல் குளோபல் என்கேப் மோதிப் பார்த்தபோது, ஏர்பேக் இல்லாத ஃபிகோவும் ஆல்டோ 800-ம் பெரியவர்கள் பாதுகாப்பில் பூஜ்ஜியம் நட்சத்திரம்தான் வாங்கின. ஆனால் ஃபிகோவின் கூடு குலையாமல் நின்றது என்று அந்த அமைப்பே சொன்னது. நம்பகம் வேறு, பாதுகாப்பு வேறு. ஆனால் பிள்ளைகளை ஏற்றிப் போகிறவர் இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

குறையும் உண்டு. 2013-ல் பவர் ஸ்டீயரிங் குழாய்க்காகவும் பின் ஆக்சிலுக்காகவும் 1,66,021 ஃபிகோ, கிளாசிக் கார்களை ஃபோர்டு திரும்ப அழைத்தது. அதைவிடப் பெரிய சறுக்கல் டூயல் கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். அமெரிக்காவில் ஃபியஸ்டாவும் ஃபோகஸும் அந்த வகை கியர்பாக்ஸால் உதறி, வழக்காகி, இழப்பீட்டில் முடிந்தது. இங்கே ஈகோஸ்போர்ட்டில் 2017-ல் அதைக் கைவிட்டுப் பழைய பாணி டார்க் கன்வெர்ட்டருக்கு மாறினார்கள். சரியான முடிவு, கொஞ்சம் தாமதமான முடிவு.

ஜெனரல் மோட்டார்ஸ் கதை வேறு மாதிரி. 1996-ல் ஓப்பல் அஸ்ட்ரா, அது ஜெர்மனி. 2003-ல் ஷெவர்லே என்று பெயரை மாற்றி ஆப்ட்ரா, பிறகு ஸ்பார்க், பீட். இவை கொரியாவின் டேவூ வழி வந்தவை. பிறகு செயில், என்ஜாய், இவை சீனா. இடையில் டவேரா. ஒரே சின்னத்துக்குக் கீழே இத்தனை வம்சம். ஒன்றின் கிளட்ச் பிளேட் இன்னொன்றுக்குச் சேராது, ஒன்றில் கை பழகிய மெக்கானிக்குக்கு அடுத்தது புதுப்பாடம். இந்த மொத்த வரிசையில் டாக்ஸிக்காரர்கள் நம்பி வருடக்கணக்கில் ஓட்டியது டவேரா. அதன் பிறப்பைத் தேடிப் போனால் ஜப்பானின் இசுசு பாந்தர். 2013-ல் புகை விதிமுறையில் கோளாறு என்று 1,14,000 டவேராக்களைத் திரும்ப அழைக்க வேண்டி வந்தது. கம்பெனிக்குள்ளேயே சோதனையில் தில்லுமுல்லு நடந்திருந்தது, அதிகாரிகள் வேலை இழந்தார்கள். தவறு வண்டியின் எலும்பில் இல்லை, நிர்வாகத்தில் இருந்தது.

எதிரணி 1983 டிசம்பரிலேயே களம் இறங்கிவிட்டது. ஜப்பானின் சுசுகியோடு கைகோத்து வந்த மாருதி 800. அதன் 796 சிசி இன்ஜின் ஆம்னிக்குள்ளும் போனது, ஆல்டோவுக்குள்ளும் போனது. இந்த ஒரு விஷயத்தை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன். பட்டறையில் ஒரு பையன் வேலை கற்றுக்கொண்டால், அதே கையை வைத்து இருபது வருடம் பிழைக்கலாம். கடைக்காரர் வாங்கி வைக்கும் ஒரு ஃபில்டர் நான்கு மாடலுக்கு ஆகும். அதனால் அவர் தைரியமாக வாங்கி வைப்பார். 1998-ல் ஹோண்டா சிட்டி. 2000-ல் டொயோட்டா குவாலிஸ், 2005-ல் அது போய் இன்னோவா. எட்டியோஸ் 2010-ல் வந்தபோது உள்ளே பார்த்தவர்கள் முகம் சுளித்தார்கள், மீட்டர் நடுவில் இருக்கிறது, பிளாஸ்டிக் மட்டம் என்றார்கள். 2020-ல் விற்பனை நின்ற பிறகும் அது டாக்ஸியாக ஓடிக்கொண்டே இருக்கிறது.

ஜப்பான் கார் என்று நாம் கொண்டாடிய ஸ்விஃப்ட் டீசலின் 1248 சிசி இன்ஜின் இத்தாலியின் ஃபியட் வடிவமைத்தது. முதல் பிரெஸ்ஸாவுக்குள் இருந்ததும் அதுவே. ஃபிகோவின் 1.4 டீசல், ஃபோர்டும் பிரான்சின் பெஷோவும் கூட்டாகச் செய்தது. 2019-ல் வந்த டொயோட்டா கிளான்ஸா, சின்னம் மாற்றிய மாருதி பலேனோ. பானெட்டைத் திறந்து பார்க்கிறவருக்கு நாட்டுப் பெயர் பாதிக்கு மேல் உதவாது.

அமெரிக்காவிலேயே இதற்கு ஒரு நேரடிச் சோதனை நடந்திருக்கிறது. கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் ஆலையை, தொழிலாளர்கள் வேலைக்கு வருவதில்லை, தரம் சரியில்லை என்று சொல்லி ஜெனரல் மோட்டார்ஸ் 1982-ல் மூடியது. 1984-ல் டொயோட்டாவும் அதுவும் சேர்ந்து அதைத் திறந்தன. வேலைக்கு எடுத்தவர்களில் பெரும்பாலோர் அந்தப் பழைய தொழிலாளர்களே. முறை மட்டும் புதிது: குறை கண்ணில் பட்டால் எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுத்து வரிசையையே நிறுத்தலாம். கொஞ்ச காலத்தில் அந்த ஆலையின் தரம் ஜப்பான் ஆலைகளோடு போட்டி போட்டது. பிறகு அங்கே டொயோட்டாவின் கொரோலாவும் ஜெனரல் மோட்டார்ஸின் ப்ரிஸமும் ஒரே கூரையின் கீழ் உருவாயின. சின்னம் தவிர இரண்டும் ஏறக்குறைய ஒரே வண்டி. பழைய கார் சந்தையில் மட்டும் கொரோலாவுக்கே கூடுதல் விலை.

அந்தத் தர முறையின் வேரில் இருந்தவர்களில் ஒருவர் எட்வர்ட்ஸ் டெமிங் என்ற அமெரிக்கர். 1950-ல் ஜப்பான் இன்ஜினியர்கள் அழைத்துப் பாடம் கேட்டார்கள், அடுத்த வருடமே அவர் பெயரில் பரிசும் ஏற்படுத்தினார்கள். அந்த டெமிங் பரிசை 1998-ல் முதன்முதலில் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது சென்னை பாடியின் சுந்தரம் கிளேட்டன். நல்ல காரைச் செய்வது ஒரு தேசத்தின் ரத்தத்தில் ஊறிய குணம் என்று பேசுகிறவர்களிடம் நான் இதைச் சொல்லாமல் விடுவதில்லை.

அமெரிக்கப் பட்டியல்கள் என்ன சொல்கின்றன? ஜே.டி.பவரின் 2024 ஆய்வில் மூன்று வருடம் ஓடிய கார்களில், நூறு காருக்கு எத்தனை குறை என்று எண்ணினார்கள். லெக்ஸஸ் 135, டொயோட்டா 147, அமெரிக்காவின் ப்யூக் 149. சராசரி 190. மூன்றாம் இடத்தில் ஒரு அமெரிக்கப் பெயர் இருப்பதைக் கவனிக்க வேண்டும். அந்தக் குறைகளில் முதலிடம் திரையும் ஃபோன் இணைப்பும் சார்ந்த கோளாறுகளுக்கு. பூவாறு ரோட்டில் ராத்திரி வண்டி நின்றுபோவதையும் ப்ளூடூத் சேராததையும் ஒரே குறையாக எண்ணும் கணக்கு நமக்கு முழுதாக உதவாது. மூன்றாம் வருடத்தில் எல்லா வண்டியும் நல்ல வண்டிதான். நமக்குக் கேள்வி பதின்மூன்றாம் வருடத்தில்.

பதின்மூன்றாம் வருடத்து வண்டி ஒன்று பட்டறையில் லிஃப்டில் ஏறியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடியில் நின்று பார்த்தால் பந்தயத்தின் நிலவரம் தெரியும். மெக்கானிக் ஸ்க்ரூடிரைவர் நுனியால் சைலன்சர் மூட்டைத் தட்டுகிறார், துரு செதில் செதிலாக விழுகிறது. சஸ்பென்ஷன் கையின் ரப்பர் புஷ் வெடித்திருக்கிறது. மேலே பேட்டரி முனையில் பச்சை பூத்திருக்கிறது. ஏசி கண்டென்சரின் தகடுகள் விரல் பட்டாலே உதிர்கின்றன. இந்த நான்கும் அமெரிக்காவுக்கும் வரும், ஜப்பானுக்கும் வரும். உப்புக்குப் பாகுபாடு கிடையாது. வித்தியாசம் அடுத்த நிமிடத்தில் வருகிறது. ஆல்டோ என்றால் ஆள் சைக்கிளில் போய்ப் புஷ் வாங்கி வந்துவிடுவான். மற்றதற்கு எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் கேட்கும் பேச்சு இது: “வண்டி கொள்ளாம் சாரே, ஒரு குத்தமும் சொல்லதுக்கில்ல. சாமானம் கிட்டணும், அதாக்கும் பாடு.”

சாமானம் ஏன் கிடைக்கவில்லை என்பதற்கு இரண்டு தேதிகள் போதும். 2017 மே 18-ல், வருடக் கடைசியோடு இந்தியாவில் விற்பனை இல்லை என்று ஜெனரல் மோட்டார்ஸ் அறிவித்தது. 2021 செப்டம்பர் 9-ல் ஃபோர்டும் இங்கே கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. பத்து வருடத்தில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்றார்கள். 2022 ஜூலையில் மறைமலை நகர் வரிசை ஓய்ந்தது. அதற்குமுன் நியாயமான இழப்பீடு கேட்டு ஆலையில் போராடிய தொழிலாளர்களை நினைத்தால் இப்போதும் மனம் கனக்கிறது. அவர்கள் செய்த வண்டியில் குறை இருந்ததால் ஆலை மூடப்படவில்லை. சர்வீஸும் உதிரிபாகமும் தொடரும் என்று ஃபோர்டு உறுதி சொன்னது. ஆனால் ஷோரூம் குறைந்தால் கிடங்கு குறையும், கிடங்கு குறைந்தால் ஒரு ஹெட்லைட்டுக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இரண்டு வாரம் வாசலில் நிற்கும் கார் அந்த வீட்டுக்கு நம்பகமான கார் ஆகாது, இன்ஜின் எவ்வளவு நன்றாக இருந்தாலும்.

ஜப்பான் பெயர் இருந்தாலே போதும் என்றும் நினைக்க வேண்டாம். 1998-ல் திருவள்ளூரில் செய்யத் தொடங்கிய மிட்சுபிஷி லான்சரை வைத்திருப்பவரின் பாடு ஷெவர்லேக்காரரின் பாடுதான். 2014-ல் திரும்பி வந்த டாட்சன் 2022-ல் மறைந்தது. 2023-ல் டொயோட்டாவின் டைஹாட்சு பாதுகாப்புச் சோதனைகளில் மோசடி செய்தது அம்பலமானது. எல்லாவற்றையும்விட நம் கடலோரத்தைத் தொடுவது ஜப்பானின் டகாட்டா கம்பெனி செய்த ஏர்பேக். அதன் வெடிமருந்து வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் வருடக்கணக்கில் கெட்டு, மோதலின்போது உலோகத் துண்டுகளை வீசும். உலகம் முழுக்க உயிர்கள் போயின. 2017-ல் கம்பெனி திவாலானது. பழைய ஹோண்டாவோ டொயோட்டாவோ வைத்திருப்பவர்கள், இன்ஜின் நன்றாக இருக்கிறது என்று இருந்துவிடாமல், சேஸிஸ் நம்பரைச் சர்வீஸ் சென்டரில் கொடுத்து ஏர்பேக் மாற்றியாயிற்றா என்று கேட்டே ஆக வேண்டும். இலவசமாக மாற்றித் தருவார்கள். வெயிலும் ஈரமும் சேர்ந்தே இருக்கும் நம் ஊரில் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

என் தீர்ப்பு ஜப்பான் பக்கம், இன்னும் சரியாகச் சொன்னால் சுசுகி, டொயோட்டா பக்கம். வண்டிக்கு வண்டி வைத்துப் பார்த்தால் ஃபோர்டு அதிகம் பின்தங்கவில்லை, ஓட்டும் சுகத்தில் முன்னால்கூட நின்றது. சுசுகியும் டொயோட்டாவும் களத்தை விட்டுப் போகவில்லை, ஆளையும் சாமானையும் ஊர் ஊராக வளர்த்தார்கள், அதுதான் வித்தியாசம்.

2025 அக்டோபர் கடைசியில் தமிழ்நாடு அரசோடு ஃபோர்டு போட்ட ஒப்பந்தப்படி, 3,250 கோடி ரூபாய் முதலீட்டில் மறைமலை நகரில் 2029 முதல் இன்ஜின் செய்யப்போகிறார்கள். வேலை கிடைக்கும், சந்தோஷம். அந்த இன்ஜின்கள் ஏற்றுமதிக்கு, நம் ஊர் ஈகோஸ்போர்ட்டின் ஹெட்லைட்டுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. அதனால் பழைய கார் தேடுகிறவர்களுக்கு நான் சொல்வது: அதே வருடத்து பிரெஸ்ஸாவைவிடக் கணிசமாகக் குறைந்த விலையில், மேனுவல் கியரோடு, அடிப்பாகம் துருப்பிடிக்காத ஈகோஸ்போர்ட் கிடைத்தால் தயங்காமல் எடுங்கள். மிச்சமான பணத்தில் முதல் வேலையாகக் கிளட்ச் செட், சஸ்பென்ஷன் புஷ், டைமிங் பெல்ட் எல்லாம் இப்போதே வாங்கி வீட்டில் வைத்துவிடுங்கள். பழைய டூயல் கிளட்ச் ஆட்டோமேட்டிக் என்றால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.