கேடயத்தை யார் ஏந்துவது?

ஒருவரையொருவர் அறியாத ஆறு பேர் ஓர் அணியாகச் சேர்க்கப்படுகிறார்கள். அவர்கள் வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு வீடுகளில், கணிப்பொறித் திரைக்கு முன்னால் அமர்ந்திருக்கிறார்கள். எதிரணியிலும் அவ்வாறே ஆறு பேர். போர் தொடங்கச் சில விநாடிகளே உள்ளன. அதற்குள் ஒவ்வொருவரும் தாம் இயக்கப்போகும் வீரரைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். நான்கு பேர் கண்ணிமைக்கும் நேரத்தில் துப்பாக்கி வீரர்களைப் பொறுக்கிக்கொண்டார்கள். ஐந்தாமவரும் அப்படியே. ஆறாவது ஆள் நீங்கள். என்ன செய்வீர்கள்?

கேடயம் ஏந்தி முன்னே நிற்க ஒருவர் வேண்டும்; அடிபட்டவர்களைத் தேற்ற ஒருவர் வேண்டும். இரண்டு வேலைக்கும் ஆள் இல்லை. உங்களுக்கும் குறிபார்த்துச் சுடத்தான் ஆசை. ஆசைப்பட்டதை எடுத்தால் அணி தோற்பது ஏறக்குறைய உறுதி. விட்டுக்கொடுத்தாலும் ஒரு குறை மட்டுமே நீங்கும். நேற்றும் நீங்கள்தான் விட்டுக்கொடுத்தீர்கள், முந்தாநாளும் நீங்கள்தான்.

ஓவர்வாட்ச் என்னும் இணையத் துப்பாக்கி ஆட்டத்தில் இலட்சக்கணக்கானோர் நாள்தோறும் சந்தித்த காட்சி இது. இதைத் தீர்க்க 2019ஆம் ஆண்டில் ஒரு விதி வந்தது. அந்த விதி நன்மை செய்ததா, தீமை செய்ததா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. வெறும் விளையாட்டுப் பேச்சு என்று இதைத் தள்ளிவிட வேண்டாம். முகமறியாதவர்கள் கூடிச் செய்யும் ஒரு வேலையில் யாருக்கு எந்தப் பங்கு என்பதை விதி சொல்ல வேண்டுமா, அவரவர் விருப்பம் சொல்ல வேண்டுமா என்பதே இங்குள்ள கேள்வி.

முதலில் ஆட்டத்தைப் பற்றிச் சிறிது. பிளிஸ்ஸார்ட் நிறுவனம் 2016 மே 24 அன்று இதை வெளியிட்டது. தொடக்கத்தில் 21 வீரர்கள் இருந்தார்கள். ரைன்ஹார்ட் என்பவர் அணி முழுவதையும் மறைக்கும் பெரிய கேடயத்தை ஏந்துவார். மெர்சி என்பவர் அடிபட்டோரைத் தேற்றுவார். டிரேசர் மின்னலெனப் பாய்ந்து சுட்டுவிட்டு மறைவார். இவர்களைப் போன்ற எல்லா வீரர்களும் இன்று மூன்று வகைக்குள் அடங்குவர். ஆடுவோர் இவற்றை டேங்க், டேமேஜ், சப்போர்ட் என்பார்கள். நாம் தாங்குவோர், தாக்குவோர், தேற்றுவோர் என்று வைத்துக்கொள்வோம். ஆட்டத்தின் நடுவிலும் வீரரை மாற்றிக்கொள்ளலாம் என்பதே இதன் தனிச்சிறப்பு. எதிரி உயரத்தில் நின்று சுடுகிறானா? உங்கள் வீரர் வீழ்ந்து மீண்டும் எழும்போது, அவனை எட்டக்கூடிய வேறொருவராக வரலாம். சதுரங்கத்தில் பாதி ஆட்டத்தில் குதிரையை யானையாக மாற்றிக்கொள்வது போன்ற சுதந்திரம் இது.

இனி அந்த ஆறாவது ஆளிடம் திரும்புவோம். அவருடைய இக்கட்டு சமூக அறிவியலாருக்குப் புதிதன்று. ஆண்ட்ரியாஸ் டீக்மன் என்னும் ஜெர்மானியச் சமூகவியலார் 1985இல் இதற்குக் கணித உருவம் கொடுத்தார். தொண்டர் இக்கட்டு என்று நாம் அதை அழைக்கலாம். தெருவில் மின்சாரம் போய்விட்டது. எல்லா வீட்டிலும் தொலைபேசி இருக்கிறது. ஒருவர் மின்வாரியத்துக்குச் சொன்னால் போதும். ஆனால் ஒவ்வொருவரும் "வேறு யாராவது சொல்லியிருப்பார்கள்" என்று விசிறியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். கடைசியில் யாருமே சொல்லவில்லை!

கணக்கைப் பாருங்கள். முன்வருவதால் ஒருவருக்கு ஏற்படும் இழப்பு, வேலை நடந்தால் கிடைக்கும் பயனில் நாலில் ஒரு பங்கு என்று கொள்வோம். "மற்றவர்கள் எவருமே முன்வராத வாய்ப்பு நாலில் ஒன்று" என்ற நிலையில், முன்வருவதும் சும்மா இருப்பதும் ஒருவருக்குச் சமமாகத் தோன்றும். இருவர் மட்டுமே இருந்தால் ஒவ்வொருவரும் பின்வாங்கும் வாய்ப்பு 4இல் 1. இருவருமே பின்வாங்கும் வாய்ப்பு 16இல் 1, அதாவது 6 விழுக்காட்டுக்குச் சற்று மேல். ஆறு பேர் இருந்தால்? மற்ற ஐவரும் சேர்ந்து பின்வாங்கும் வாய்ப்பு நாலில் ஒன்றாக வேண்டுமென்றால், ஒவ்வொருவரும் பின்வாங்கும் வாய்ப்பு 76 விழுக்காடு அளவுக்கு உயர்ந்துவிடும். ஆறு பேருமே கைவிரிக்கும் வாய்ப்பு சுமார் 19 விழுக்காடு. கூட்டம் பெருகப் பெருகக் கேடயம் தரையில் கிடக்கும் வாய்ப்பும் பெருகுகிறது. உண்மை ஆட்டத்தில் பிறர் தேர்வு நம் கண்ணுக்குத் தெரியும் என்பதால் கணக்கு அப்படியே பொருந்தாது. அங்கே முந்திக்கொண்டவன் தப்பித்தான், பிந்தியவன் மாட்டிக்கொண்டான்! இழப்பு முழுவதும் பொறுமைசாலியின் தலையில் விழுந்தது.

ஆனால் விதி பிறந்தது இதனால் மட்டுமன்று. தொழில்முறை அணிகளிடம் இதற்கு நேர்மாறான நோய் ஒன்று தோன்றியது. 2018 மார்ச்சில் பிரிகிட்டே என்னும் புதிய வீராங்கனை வந்தார். எதிரியை அடிக்கும்போதே தம்மவரைத் தேற்றுவதும், அவர்களுக்குக் கவசம் பூட்டுவதும் அவருடைய திறமைகள். இவரை வைத்து ஓர் அமெரிக்க அணி, தாங்குவோர் மூவர், தேற்றுவோர் மூவர், தாக்குவோர் எவருமில்லை என்ற வியூகத்தை வகுத்தது. அந்த அணியின் பெயராலேயே அதற்குக் கோட்ஸ், அதாவது ஆடுகள், என்ற பெயர் நிலைத்தது. துப்பாக்கி ஆட்டத்தில் துப்பாக்கிக்காரனே இல்லாத அணி! இதன் இரகசியம் எளியது. கவசம், தன்மேல் படும் ஒவ்வொரு குண்டின் தாக்கத்திலிருந்தும் ஓரளவைக் கழித்துவிடும். மூன்று பேர் இடைவிடாமல் தேற்றிக்கொண்டிருந்தால், எஞ்சிய தாக்கமும் அந்தக் கணமே ஈடாகிவிடும். பள்ளத்தில் விழும் நீரை விட இறைக்கும் நீர் மிகுதி என்றால் பள்ளம் எப்படி நிரம்பும்? 2019 தொடக்கத்தில் கவசத்தின் கழிவை 5 புள்ளியிலிருந்து 3 ஆகக் குறைத்துப் பார்த்தார்கள். ஆடுகள் அசையவில்லை. ஓவர்வாட்ச் லீக் போட்டிகளில் மாதக்கணக்கில் ஒரே வியூகம் ஒரே வியூகத்தோடு முட்டி மோதியது. பார்ப்பவர்களுக்குக் கொட்டாவி வந்தது.

இங்கே என் மனத்தை விட்டு அகலாத ஒரு நிகழ்ச்சி உண்டு. ஷாங்காய் டிராகன்ஸ் என்னும் அணி 2018 பருவத்தில் ஆடிய 40 ஆட்டங்களிலும் தோற்ற அணி. அவ்வணி 2019 ஜூலையில், லீக்கின் மூன்றாம் கட்ட இறுதிப்போட்டியில், தாக்குவோர் மூவரைக் களமிறக்கி, வலிமை மிக்க சான்பிரான்சிஸ்கோ ஷாக் அணியை 4-3 என்ற கணக்கில் வென்றது. ஆடுகளை வீழ்த்த வழி உண்டு என்று காட்டியாயிற்று. அதே மாதத்தில், அடுத்த சில நாள்களில், ஆட்டத்தின் இயக்குநர் ஜெஃப் காப்ளான் புதிய விதியை அறிவித்தார்: இனி ஒவ்வோர் அணியிலும் தாங்குவோர் 2, தாக்குவோர் 2, தேற்றுவோர் 2. ஏற்கும் பங்கை வரிசையில் சேரும்போதே சொல்லிவிட வேண்டும். ஆட்டம் முடியும்வரை மாறக்கூடாது. பூட்டைத் திறக்கும் சாவியை ஒருவர் கண்டுபிடித்த வாரத்திலேயே கதவைப் பெயர்த்தெடுத்தது போல ஆயிற்று. விதி முன்னமே தீட்டப்பட்டிருக்கும் என்பது உண்மையே. ஆயினும் ஷாங்காய் அணியின் கண்டுபிடிப்புக்குப் பதில் கண்டுபிடிப்பு என்னவாக இருந்திருக்கும் என்பதை நாம் இனி அறிய வழியில்லை.

என் குறை இதுதான். இரண்டு வெவ்வேறு நோய்களுக்கு ஒரே மருந்து புகட்டப்பட்டது. முகமறியாதவர்கள் கூடும் அறையில் இருந்த நோய், விட்டுக்கொடுப்பவனைச் சுரண்டுவது. அதற்கு இந்த மருந்து கைகண்டது. இதில் எனக்கு ஐயமே இல்லை. (தேற்றுவோராகவே பெரும்பாலும் ஆடுகிறவன் நான், என் தீர்ப்பில் சாய்வு இருந்தால் வாசகர்கள் பொறுத்துக்கொள்ளவும்.) இன்னொரு நன்மையும் கிடைத்தது. அதுவரை ஒருவருடைய திறமையை ஒரே எண்ணால் குறித்தார்கள். கணக்கில் வாங்கிய மதிப்பெண்ணையும் பாட்டில் வாங்கிய மதிப்பெண்ணையும் கூட்டிச் சராசரி போட்டு, அதைக் கொண்டு கச்சேரிக்கு ஆள் பிடிப்பது போன்ற அளவை அது. விதி வந்தபின் மூன்று பங்குகளுக்கும் தனித்தனித் தர எண் வந்தது. இது அறிவியல் முறைக்கு உகந்த திருத்தம்.

தொழில்முறை அணிகளின் நோயோ வேறு. அவர்கள் நாள்தோறும் கூடிப் பயிற்சி செய்பவர்கள். கேடயத்தை யார் ஏந்துவது என்ற சண்டை அங்கே இல்லை. அங்கிருந்த குறை, சில வீரர்களின் வலிமை சமனற்றிருந்தது. சமன் தவறிய தராசைச் சரிசெய்யாமல், என்ன நிறுக்கலாம் என்பதற்குச் சட்டம் போட்டார்கள். பலன்? அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த சிக்மாவும் முன்னமே இருந்த ஒரீசாவும் சேர்ந்து, கேடயத்தின் மேல் கேடயமாக இரட்டைச் சுவர் எழுப்பினார்கள். மீண்டும் எல்லா அணிகளும் ஒரே வார்ப்பு. 2020 மார்ச்சில், சில வீரர்களைத் தற்காலிகமாக விலக்கிவைக்கும் ஏற்பாட்டைப் பொதுத் தரவரிசை ஆட்டங்களில் கொண்டுவந்து, சில மாதங்களிலேயே கைவிட நேர்ந்தது. 2-2-2 விதி ஒரே வியூகக் கொடுமையைத் தீர்க்கவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

அறையிலிருந்த சண்டையாவது முற்றிலும் ஒழிந்ததா? அது வாசலுக்கு இடம் பெயர்ந்தது என்பேன். எண்களை நாமே கற்பித்துக்கொண்டு பார்ப்போம். ஒரு நிமிடத்தில் 120 பேர் வருகிறார்கள்: தாக்க விரும்புவோர் 72, தேற்ற விரும்புவோர் 28, தாங்க விரும்புவோர் 20. ஓர் ஆட்டத்துக்கு ஒவ்வொரு வகையிலும் 4 பேர் வேண்டும். தாங்குவோர் 20 பேரைக் கொண்டு 5 ஆட்டங்கள்தாம் தொடங்கலாம். உள்ளே போனவர்கள் 60 பேர். தாக்குவோரில் 52 பேர் வாசலில் நிற்கிறார்கள். அடுத்த நிமிடம் இன்னும் 52 பேர் அவர்களோடு சேர்கிறார்கள். எவரேனும் சலித்துப் போய்விட்டாலோ மனம் மாறினாலோ அன்றி இந்த வரிசை குறையவே குறையாது. நடந்ததும் இதுதான். தாங்குவோருக்கு உடனே கதவு திறந்தது. தாக்குவோர் நெடுநேரம் காத்துக் கிடந்தார்கள். ஆள் குறைந்த பங்கை ஏற்போருக்குப் பரிசும், பின்னர் தாக்குவோர் வரிசையில் முந்திச் செல்லும் அனுமதிச் சீட்டும் வழங்கிப் பார்த்தார்கள்.

இந்த இடமாற்றத்தை நான் குறைசொல்ல மாட்டேன். முன்பு ஒரு பொறுமைசாலி இரகசியமாகச் செலுத்திய விலையை, இப்போது ஆசைப்பட்டவர் தம் நேரத்தால் வெளிப்படையாகச் செலுத்துகிறார். அது நியாயமே. குறைசொல்ல வேண்டியது அடுத்த அடியைத்தான். 2022 அக்டோபரில் ஓவர்வாட்ச் 2 என்ற பெயரில் ஆட்டம் மீண்டும் வந்தபோது அணிக்கு ஐவர். தாங்குவோர் ஒருவர் மட்டுமே. மேலே கண்ட கணக்கில் இதை இட்டுப் பாருங்கள். தாங்குவோர் 20 பேருக்கு 10 ஆட்டங்கள் தொடங்கலாம். இப்போது தேற்றுவோர் 28 பேர் தடையாகி, 7 ஆட்டங்கள் நடக்கும். உள்ளே 70 பேர். வாசலில் நிற்கும் தாக்குவோர் 44 பேர். வரிசை குறைந்தது உண்மை. ஆனால் எவரும் விரும்பாத வேலையை விரும்பத்தக்கதாக்குவதற்குப் பதில், அந்த வேலைக்கான இடத்தையே பாதியாக்கிவிட்டார்கள். எஞ்சிய அந்த ஒருவர் தவறினால் ஈடுசெய்யத் துணை இல்லை. தோல்விக்கு வசை முழுவதும் அவருக்கே.

மற்ற ஆட்டங்கள் என்ன செய்கின்றன? வலைப்பந்தில் ஏழு பேரும் தம் பங்கின் எழுத்தை மார்பில் அணிந்து, தமக்கு வரையறுத்த பகுதிக்குள்ளேயே ஆட வேண்டும்; கோல் போடும் உரிமை இருவருக்கே. கால்பந்தில் விதி தனித்துக் குறிப்பிடுவது கோல் காப்பாளர் ஒருவரை மட்டுமே. அந்தச் சுதந்திரத்தில்தான் 1974 உலகக் கோப்பையில் நெதர்லாந்து, எவரும் எவ்விடத்திலும் ஆடும் முறையால் உலகை வியக்க வைத்தது. இறுதிப்போட்டியில் மேற்கு ஜெர்மனியிடம் 2-1 என்று தோற்றது வேறு கதை. நமக்கு இன்னும் நெருங்கிய சான்று, 2007இல் வால்வ் நிறுவனம் வெளியிட்ட டீம் ஃபோர்ட்ரஸ் 2. அதில் ஒன்பது வகை வீரர்கள், தேர்வுக்குத் தடையில்லை. போட்டியாக ஆட விரும்பியவர்கள் நிறுவனத்தை எதிர்பாராமல், தங்கள் போட்டிகளுக்குத் தாங்களே வரம்பு கட்டிக்கொண்டார்கள். அறுவர் ஆட்டத்தில் மருத்துவர் ஒருவருக்கு மேல் கூடாது. வெடிகுண்டு வீரரும் அவ்வாறே. வரம்புகளுக்குள் மற்றது அணியின் விருப்பம். ஒன்பதின்மர் ஆட்டத்தில் வகைக்கு ஒருவர். ஒரே ஆட்டத்தில் இறுகிய விதியும் தளர்ந்த விதியும் அருகருகே வாழ்ந்தன. இன்ன பங்கில் இத்தனை பேர் என்று எண்ணைப் பூட்டுவது ஒன்று. இதற்கு மேல் கூடாது என்று எல்லை கட்டுவது வேறொன்று. 2019இல் இந்த வேறுபாடு மறக்கப்பட்டது.

2024 டிசம்பரில் வெளிவந்த மார்வெல் ரைவல்ஸ் ஆட்டம் அறுவர் அணியோடும், பங்குப் பூட்டு இல்லாமலும் வந்தது. வந்தவுடன் அந்தப் பழைய ஆறாவது ஆளும் அங்கே வந்து உட்கார்ந்துகொண்டார். அதே மாதத்தில் ஓவர்வாட்ச் ஒரு சோதனை நடத்தியது. மீண்டும் அறுவர் அணி; ஒவ்வொரு பங்கிலும் குறைந்தது ஒருவர், மிகுந்தால் மூவர். 2025இல் இத்தகைய அறுவர் ஆட்டம் தரவரிசைப் போட்டியிலும் இடம் பெற்றது. 3-3-0 என்ற ஆடுகள் வியூகத்துக்கு இங்கே இடமில்லை. 1-3-2 உண்டு, 2-1-3 உண்டு, ஆட்டத்தின் நடுவே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுவதும் உண்டு. மூன்று விதிகளில் எனக்கு உவப்பானது இதுவே.

ஒரு சிக்கல் மட்டும் எஞ்சுகிறது. அணியில் கேடயம் ஏந்தியவர் ஒருவரே என்றால், இன்னொருவர் அதை ஏற்கும்வரை அவர் அதைக் கீழே வைக்க முடியாது. முதலில் முன்வந்தவரே கட்டுண்டு நிற்கிறார். அவர் தோழர்களைத் திரும்பிப் பார்க்கிறார்; ஐவரும் "வேறு யாராவது வாங்கிக்கொள்வார்கள்" என்று சுட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.