கோடு கிழித்த கை

இந்தப் பொங்கலுக்கு டிவியில் மறுபடி ‘சம்சாரம் அது மின்சாரம்’. விசு எழுதி இயக்கி, 1986இல் ஏவிஎம் எடுத்த படம். தேசிய விருதும் வாங்கியது. கூட்டுக்குடும்பம் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் இதன் கிளைமாக்ஸைத்தான் இழுப்பார்கள். உடைந்த குடும்பத்தை ஒட்டவைத்த மூத்த மருமகள் உமா (லட்சுமி), கடைசியில் சேர்ந்திருக்க மறுத்துத் தனிக்குடித்தனம் கேட்பாள். துணிச்சலான முடிவுதான், மறுக்கலை.

எனக்கு இந்தத் தடவை உறுத்தினது வேற காட்சி. வீட்டுக்குக் கொடுக்கிற பணத்துக்கு மூத்த மகன் சிதம்பரம் (ரகுவரன்) கணக்குப் பார்க்கப்போய் சண்டை முற்றும். அப்பா அம்மையப்ப முதலியார் (விசு) வீட்டுக்கு நடுவே கோடு கிழிக்கச் சொல்வார். யாரிடம்? மனைவி கோதாவரியிடம் (கமலா காமேஷ்). முடிவு அவருடையது, கோடு கிழிக்கிற வேலை இவளுடையது. இந்த நாற்பது வருசத்தில் அந்த வசனத்தை மிமிக்ரி பண்ணாத மேடை இல்லை. அந்த அம்மாவுக்கு அதில் சம்மதமா என்று படமும் கேட்கலை, சிரிச்ச நாமளும் கேட்கலை.

பனமரத்துப்பட்டியில் எங்க வீடு பாகம் பிரிஞ்சப்பவும் இதே கதைதான். பெரியப்பாவும் அப்பாவும் திண்ணையில் உட்கார்ந்து பேசி முடிச்சாங்க. உள்ளே போய் அரிசிப் பானையையும் குண்டாவையும் ரெண்டாப் பிரிச்சு வெச்சது ஆயா. அன்னிக்குச் சாயங்காலமே அம்மா தனி அடுப்பு மூட்டியாச்சு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒரு குடும்பம் என்பதற்கு அடையாளமே பொதுச் சமையலறைதான். அந்தக் கணக்குப்படி அன்னிக்கே நாங்க ரெண்டு குடும்பம்.

ஆனா கிணறு ஒண்ணுதான். தண்ணி முறைவெச்சுப் பாயும். அரளிக்காடும் பேருக்குத்தான் ரெண்டு. மொக்கு விரியறதுக்குள்ள பறிச்சு சேலம் பூ மார்க்கெட்டுக்கு அனுப்பணும், ஒருத்தியால ஆகாது. அம்மாவும் பெரியம்மாவும் இருட்டோட டார்ச் எடுத்துக்கிட்டு, இன்னிக்கு உங்க காடு நாளைக்கு எங்க காடுன்னு மாத்தி மாத்திப் பறிச்சாங்க. வீட்டுக்காரங்க ரெண்டு பேரும் முகங்கொடுத்துப் பேசாத வருசங்களிலும் அது நிக்கலை.

படத்தில் நான் தேடியது இதைத்தான். சேர்ந்திருப்பதை விசு சம்பளக் கவரை வெச்சே அளக்கிறார்: யார் எவ்வளவு கொடுத்தான், யார் எவ்வளவு தின்றான். மாசச் சம்பளக் குடும்பத்துக்கு அது சரியாகவே பொருந்துது, வசனம் இன்னிக்கும் சுடுது. ஆனா அடுப்படியில் யார் யாருக்குக் கை கொடுத்தாங்க என்பது அந்தக் கணக்கில் வரலை. உமா வெளியே போய்த் தப்பிக்கிறாள். கோதாவரியின் அடுப்பு அங்கேயேதான் இருக்கு. கூடவே உட்கார்ந்து படம் பார்த்த அம்மா கேட்டதும் அதுதான்: “அந்த மாமியாகாரிக்கு யாரு தனிக்குடித்தனம் வெச்சுக் குடுப்பா?”

பிரிவினையில் பொம்பளைகளுக்கு லாபமே இல்லைன்னும் சொல்லிட முடியாது. பாகம் பிரிஞ்ச கையோட ரேஷன் கார்டும் ரெண்டாச்சு. 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை வந்தப்போ, கார்டுக்கு ஒருத்தர் என்ற விதியில் அம்மாவுக்கு ஆயிரம், பெரியம்மாவுக்கு ஆயிரம். ஒரே அடுப்பா இருந்திருந்தா யாராவது ஒருத்தருக்குத்தான். முதல் மாசப் பணம் எடுக்க ஏடிஎம்முக்கு ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போனாங்க. டிக்கெட் வேற கிடையாது.